காலையில் மட்டும் திணறும் லாரி

என் லாரிக்குக் காலையில் மட்டும்தான் நோய். பகலில் எவ்வளவு லோடு ஏற்றினாலும் முனகாது. விடிந்தும் விடியாமலும் சாவியைத் திருப்பினால்தான் கூத்து ஆரம்பிக்கும். ஸ்டார்ட் ஆகும், தெருமுனை வரை ஒழுங்காக வரும், ஏற்றம் தொடங்கியதும் மூச்சு வாங்கும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இழுவை இருக்காது. பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்து என் பரம்பரையையே விசாரிப்பான். கொஞ்ச நேரம் அப்படித் திணறிவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். அதற்குள் மண்டியில் ஏலம் முடிந்திருக்கும்.

காய்கறி மண்டிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். “இன்னொரு தடவை லேட்டானா லோடை வேற வண்டிக்கு மாத்திடுவேம்மா. மனசுல வெச்சுக்காதீங்க.”

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பதாம்! அந்த ஒரு லோடு போனால் லாரி வாசலில் நிற்க வேண்டியதுதான். நானும் அடுப்படியில் நிற்க வேண்டியதுதான். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது ஆகுமா?

லாரி என் வீட்டுக்காரருடையது. கண் பார்வை மங்கி லைசென்ஸ் போனபோது, வண்டியை விற்க மனசில்லாமல் அவரே பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சாயங்காலம் லோடோடு வீட்டுக்கு வந்தால், கையில் துணியோடு வாசலில் நிற்பார். நான் முகம் கழுவி வருவதற்குள் வண்டிக்கும் முகம் கழுவியிருப்பார். ஆயில் பார்ப்பார், தண்ணீர் பார்ப்பார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நான் அடிக்காத பெருமை இல்லை.

இந்தக் காலைத் திணறல் வந்த பிறகு அவர் ஒரே பாட்டுதான் பாடினார். “உன் கால் எப்பவும் கிளட்ச் மேலயே இருக்கு. அதான் இன்ஜின் போச்சு. விடு, வித்துடலாம்.” கத்திச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாக, என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். நம்பிவிட்டேன். யார் பேச்சுக்கும் மசியாத நான், ஓட்டும்போது என் இடது காலையே திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்கை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு நிதானம். “இன்ஜினைச் சூடாக்கிட்டு எங்கிட்ட கொண்டு வராதீங்கக்கா. சூடானா எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான். முதல் ஸ்டார்ட்டை நான் பார்க்கணும்” என்று சொல்லி, விடியலில் வீட்டுக்கே வந்தான். ஏற்றம் வரை கூடவே உட்கார்ந்து வந்தான்.

“இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. டீசலோட காத்தும் சேர்ந்து வருது” என்றான்.

“என் கால்?”

“உங்க கால் என்ன பண்ணுச்சு பாவம்!”

டேங்க்கிலிருந்து டீசல் வருகிற வழியில், உள்ளே ஓடுவது தெரியும்படி கண்ணாடி மாதிரி ஒரு டியூபை மாட்டினான். நட்டு ஒன்று விடாமல் முறுக்கினான். சாயங்காலம் நான் நிறுத்தும்போது டியூப் நிறைய டீசல். மறுநாள் காலை டியூப் காலி. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, ஒரு நட்டும் தளரவில்லை.

தலையைச் சொறிந்தான். “வீட்ல யாராவது வண்டியைத் தொடுறாங்களாக்கா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் தொடமாட்டாங்க!”

அவன் ஸ்பானரைப் பையில் போட்டான். கிளம்பும்போது, “இன்னிக்கு ராத்திரி வண்டி என் ஒர்க்‌ஷாப்ல நிக்கட்டும்” என்றான்.

மறுநாள் காலை டியூபில் ஒரு குமிழிகூட இல்லை. ஏற்றத்தில் லாரி பிய்த்துக்கொண்டு போனது. “உங்க வண்டிக்கு உங்க வீடுதான் ஒத்துக்கலை போல” என்று அவன் சிரித்துக்கொண்டே வழியனுப்பியிருந்தான். நானும் சிரித்தேன். பாதி ஏற்றத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல வாசலில் நிறுத்தினேன். அவர் துணியோடு நின்றார். முகம் கழுவப் போவதாகச் சொல்லி, குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, ஜன்னல் ஓரமாக நின்றேன். நான் நினைப்பது பொய்யாகப் போகட்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

பானெட்டைத் துடைத்தார். ஆயில் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து, வண்டிக்கு அடியில் கையை விட்டார். கண் தெரியாவிட்டால் என்ன, விரலுக்கு எல்லாம் தெரியும். டீசல் வருகிற குழாயின் நட்டைத் தளர்த்தினார். காற்று உள்ளே புகுந்து டீசல் டேங்க்குக்குத் திரும்பி இறங்கும் வரை காத்திருந்தார். மறுபடி முறுக்கினார். கடைசியில் அந்த நட்டைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாரே, அதுதான் என்னைக் கொன்றது.

வாசலுக்கே போய் நின்றேன். “என்னங்க பண்றீங்க?”

அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினார். “டீக்கடையில என்னைக் கிளீனர்னு கூப்பிடுறாங்க. பொண்டாட்டி ஓட்டுற வண்டிக்குக் கிளீனராம். வண்டியே இல்லைன்னா அந்தப் பேச்சும் இருக்காதேன்னு…”

“அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? வாய் இல்லையா உங்களுக்கு? என் கால் மேல பழி போட மட்டும் வாய் வந்துச்சே! கத்துக்கொடுத்ததும் நீங்கதானே?”

நெஞ்சு பற்றி எரிந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என் சொந்தக் காலை என்னாலேயே நம்ப முடியாமல் பண்ணிவிட்டாரே, பாவி மனுஷன்.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அதைக்கூட மூடாமல் லாரியில் ஏறிக் கிளம்பினேன். “எங்க போற?” என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஜின் சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நானும் அதுவும் சேர்ந்து திணறிக்கொண்டே ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தோம்.

“இனிமே வண்டி இங்கதான் நிக்கும்” என்றேன்.

அவசரம் டார்ச் அடித்துப் பார்த்தான். டியூப் காலி. ஒவ்வொரு நட்டாக ஸ்பானர் வைத்துப் பார்த்தான். “எல்லாம் டைட்டாத்தான் இருக்கு. யாருக்கா தொட்டது?”

“நேத்தே சொன்னேனேப்பா. என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் தொடமாட்டாங்க.”