திங்கட்கிழமைத் தட்டு

மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தின் திராட்சை நோய் ஆய்வுகூடத்தில் பதினாறு வருடம் உதவியாளனாக இருந்தவன் நான். உதவியாளன் என்றால் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதிலிருந்து பேராசிரியர் மறந்துபோன குடையைத் தேடுவது வரை எல்லாம். 2004இல் எனக்கு அலுப்பு எலும்பு வரை ஏறியிருந்தது.

ராதா மதுரைக்காரி. ஒரு வயது மகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு எங்கள் கூடத்துக்கு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்தவள். மகளுக்கு அப்போது நாலு வயது. ஜூலையில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

திராட்சைத் தண்டில் கழலை உண்டாக்கும் கிருமி ஒன்று. அதற்குள் ஒரு மரபணு மற்ற மரபணுக்களை ஏவுகிறது, அது சொன்னால்தான் நோய் கிளம்பும் என்பது அவள் கட்சி. அந்த மரபணுவை வெட்டியெடுத்த கிருமியைக் கொடியில் ஏற்றினாள். கழலை வரவில்லை. கேக் வெட்டினோம். மரபணுவைத் திரும்ப வைத்தால் கழலையும் திரும்ப வேண்டும், அந்த ஒரு சோதனைதான் மிச்சம். இரண்டு தரம் செய்தாள். கொடி தளதளவென்று நின்றது. உன் கை சுத்தமில்லை என்றார் பேராசிரியர். அந்த அத்தியாயம் இல்லாமல் பட்டமும் இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். மாதம் ஒரு தடவை உறைபெட்டியிலிருந்து மூலக் கிருமியை எடுத்துப் புதிதாக வளர்க்க வேண்டும். உறைபெட்டி அடுத்த கட்டடத்தில், மூன்றாம் மாடியில். நானோ நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை போட்டுப் பழகியவன். திங்கட்கிழமைதோறும், கிருமி வளர்க்கும் பழைய தட்டிலிருந்தே புதுத் தட்டுக்கு மாற்றினேன். பதிவேட்டில் உறைபெட்டி என்று சரி போட்டேன். மூன்று வருடம்.

சும்மா கிடைக்கும் சாப்பாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தால் அந்தக் கிருமி நோய் உண்டாக்கும் மரபணுக்களையே கைவிட்டுவிடும். ராதா மரபணுவை வெட்டியது என் தட்டிலிருந்து எடுத்த கிருமியில்; அவள் கைவைப்பதற்கு முன்பே அது பல் பிடுங்கிய பாம்பு. ஒப்பிடுவதற்கு அவள் வைத்திருந்த வெட்டாத கிருமியோ முதல் வருடம் தானே உறையவைத்தது. அது ஒழுங்காகக் கழலை போட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. பிறகு ஒரு காலை, தொட்டியருகே அவள் சவர்க்காரம் போட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். தோல் வெடித்துச் சிவந்திருந்தது.

“பிள்ளை, உங்கட கையில ஒரு பிழையும் இல்லை. பிழை என்ர தட்டில,” என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். அவள் குழாயை மூடினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேராசிரியரிடமும் போய் ஒப்புக்கொண்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவளுக்கு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய ஆறு மாத அவகாசம். பட்டம் தப்பியது என்று எனக்குள் ஒரு நிம்மதி.

மத்தியானம் அவள் நடையில் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரங்களோடு கதவடியில் நின்றுவிட்டேன்.

“ஜூலை இல்லம்மா, ஜனவரி ஆகும். ஆமா. பாப்பாகிட்ட போனைக் குடு.” கொஞ்ச நேரம் காத்திருந்தாள். “வரமாட்டேங்கிறாளா? சரி, விடு. விளையாடட்டும்.”