பாட்டு நிற்கும் இடம்

பிரஸ் ஷாப்பில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பீப்பாய்க்கு மூடி அடிக்கிற இடம் அது. தகட்டை வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கும். தரை பல்லைக் கடிக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, கம்பெனி கொடுத்த காதுமூடிக்கு அடியில் இயர்போனைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

வெறுமனே கேட்கிறவன் இல்லை, தேடிக் கேட்கிறவன். பழைய பாட்டையே கட்டிக்கொண்டு அழுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ஆனால் கொஞ்ச நாளாக வாயைத் திறந்தால் புகார்தான். இப்போது பாடுகிறவர்கள் வார்த்தையை மென்று முழுங்குகிறார்கள். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், குரல் தங்கம், ஆனால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடுகிறாள். வயலின் ஈரத்துணியால் சுற்றியதுபோல் இருக்கிறது. பதிவு செய்கிறவனுக்குப் பொறுப்பில்லை. இயர்போனை மாற்றிப் பார்த்தான். அதுவும் சரியில்லை என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்றான்.

“அண்ணே, இதுல கோளாறே இல்ல. நானும்தானே போட்டுக் கேட்டேன்.”

“நீ போன் கவர் விக்கிறவன். உனக்கு வயலினைப் பத்தி என்ன தெரியும்?”

இந்த எரிச்சலுக்கு நடுவில்தான் அந்தப் பாட்டு கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் ஆண் குரல், கூடவே ஒரு பெரிய முரசு. பாதிப் பாட்டில் இரண்டும் நின்றுவிடும். ஒன்றுமே இருக்காது. கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ‘தும்’ என்று முரசு திரும்பி வரும்.

“இதுக்குத் தில் வேணும்டா,” என்றான் சாப்பாட்டு நேரத்தில். “மத்தவனா இருந்தா காலி இடம் கிடைச்சதும் ஒரு பீப்பீயை எடுத்து ஊதிருப்பான். இவன் சும்மா இருக்கான் பாரு.”

இயர்போன் கைக்குக் கை போனது. பக்கத்து மெஷின்காரன் நெட்டை கேட்டுவிட்டு நெஞ்சைத் தடவினான். “அந்த அமைதி உள்ள ஏதோ பண்ணுதுப்பா.” எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. பிரஸ் ஷாப் முழுக்க அந்த அமைதிக்கு ரசிகர்கள் ஆனார்கள்.

விடுமுறை நாளில் மச்சினன் வீட்டுக்கு வந்தான். முடிவெட்டுகிறவன், அரட்டைக்குப் பஞ்சமில்லை. ரேடியோ போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினான்.

“இப்பப் பாரு மாப்ள. பேசாதே.”

மச்சினன் பேசவில்லை. ஆனால் தலை ஆடியது. விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது.

“எதுக்குடா தட்டுறே? அதான் ஒண்ணும் இல்லையே.”

“மணி அடிக்குதே மாமா.”

“எந்த மணி? என்னை ஓட்டுறியா?”

“அட, சின்னச் சின்னதா, சத்தமாத்தானே வருது.”

அவன் மனைவியைப் பார்த்தான். மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “கண்ணாடிச் சில்லைக் குலுக்குற மாதிரி வருமே, அதாங்க. நீங்க கையைத் தூக்கும்போதெல்லாம் அதைத்தான் ரசிக்கிறீங்கன்னு இருந்தேன்.”

மறுபடி போட்டான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். மச்சினன் எதிரே நின்று, மணி விழுகிறபோதெல்லாம் காற்றில் விரலால் குத்தினான். “இதோ. இதோ. இப்ப ரெண்டு சேர்ந்து.” விரல் தெரிந்தது. அவ்வளவுதான்.

போர்வை பாடுகிற அந்தப் பெண்ணின் மேல் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நெட்டை நெஞ்சைத் தடவியதும் நினைவுக்கு வந்தது. ஒரு ஷாப்பே கூடி உட்கார்ந்து தன் செவிட்டுத்தனத்துக்குக் கைதட்டியிருக்கிறது.

“இருக்கிறதையாவது காப்பாத்திக்கோ மாமா,” என்றான் மச்சினன், விளையாட்டை விட்டுவிட்டு.

காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் காது சோதனை நடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, காதில் சத்தம் விடுவார்கள். கேட்டால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். கேட்காதவனைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து யார்டில் இரும்புத்தூள் கூட்ட விட்டுவிடுவார்கள், ஓவர்டைம் கிடையாது. அதனால் ஒருவனும் தோற்பதில்லை. வெளியே இருக்கிற நர்ஸ் சத்தம் விடும்போது அவள் தோள் லேசாக அசையும். தோள் அசைந்தால் அமுக்கு. இதைக் கண்டுபிடித்ததே ரேடியோதான். புதிதாகச் சேருகிறவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

சோதனைக்கு முந்தின நாள் எல்லோரையும் கூட்டி மணி விஷயத்தைச் சொன்னான். “நாளைக்குக் கண்ணை மூடிக்குவோம். இத்தனை பேருக்கும் கேக்கலைன்னா, சத்தத்தை அடைக்க கம்பெனி மெஷினைச் சுத்தி சுவரோ கூண்டோ எதையாவது போட்டுத்தான் ஆகணும். ஒட்டுமொத்தமா யார்டுக்கு அனுப்பிட்டு மூடியை யார் அடிப்பா?”

“நியாயம்தான்,” என்றான் நெட்டை. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மறுநாள் பெட்டிக்குள் அவன் கண்ணை மூடினான். முதலில் முக்கல் போன்ற தடித்த சத்தங்கள் வந்தன, அமுக்கினான். பிறகு தன் மூச்சு மட்டும்தான். கண்ணைத் திறந்தபோது நர்ஸ் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“தூங்கிட்டீங்களா? போன வருஷம் சின்னப் பையன் காது மாதிரி இருந்துச்சே.”

“கேக்கல சிஸ்டர். எங்க ஷாப்ல யாருக்குமே கேக்காது.”

“உங்க ஆளுங்க பாதிப் பேர் முடிச்சிட்டாங்க. எல்லாருக்கும் சுத்தமா இருக்கு.”

வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முடித்தவர்கள் கைக்குட்டையை மடித்தார்கள், பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் வந்தார். ரேடியோவின் கழுத்தில் இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் அதே மெஷின்லதான் நிக்கிறாங்க. உனக்கு மட்டும் எப்படிப்பா போச்சு?” இயர்போனை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். “நாள் பூரா காதுக்குள்ள கச்சேரி வெச்சா? என்ன நெட்டை, இவன் பாட்டுக் கேக்குறவன்தானே?”

நெட்டையின் முறை அடுத்தது. எழுந்து பெட்டிப் பக்கம் போனபடியே சொன்னான்: “ஆமா சார். எப்பவும் பாட்டுதான்.”

பாட்டால் கெட்ட காது என்று முடிந்தது. கம்பெனிக்குச் செலவில்லை. ரேடியோ யார்டுக்குப் போனான். உள்ளே யாரும் இயர்போன் கொண்டுவரக் கூடாது என்று அன்றே உத்தரவு போட்டார்கள்.

அடுத்த வாரம் நெட்டை பீடி பிடிக்க யார்டுக்கு வந்தான். இரும்புத்தூளை வாரிக்கொண்டிருந்தவனின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

“உன்னால எங்க பாட்டும் போச்சு. பேசாம தோளைப் பார்த்து அமுக்கிட்டு வந்திருக்கலாம்ல?”

ரேடியோ திரும்பவில்லை. நெட்டை கிட்டே வந்து, செவிடனிடம் பேசுகிற குரலில், ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து மறுபடி கத்தினான். யார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது. அவன் தள்ளுவண்டி நிறையும் வரை வாரிப் போட்டுவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு போனான்.