சுண்ணாம்புக் கோட்டில் நின்ற லாரி

வில்லியனூர் மாதா சாட்சியாக, பக்கத்துத் தெருக்காரர்கள் மனம் கோணாதபடி திருக்காமீசுவரரும் சாட்சியாக, இரண்டு பேரையும் நம்பாதவர்களுக்குப் பாகூர் ஏரித் தண்ணீர் சாட்சியாக: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கூட்டிச் சொன்னது ஒன்றுகூட இல்லை. கேட்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்குமே என்று இரண்டொரு இடத்தில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

1978-ம் வருஷம், ஈஸ்டர் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், மதலேனாள் கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குள் ஏறினாள். வலப்பக்கத்துக் கதவு வழியாக ஏறி, சீட்டின் நட்டநடுவில் கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். சற்று நேரம் கழித்து இடப்பக்கத்துக் கதவு திறக்கும். அவளுடைய ஓரகத்தி ஆரோக்கிய செல்வி கிண்ணத்தை எடுத்துக்கொள்வாள். சாயங்காலம் கிண்ணம் கழுவித் திரும்பி வரும். உள்ளே இரண்டு முட்டையோ ஒரு துண்டு வெல்லமோ இருக்கும். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது என்பது அண்ணன் தம்பி இருவரின் கட்டளை. கிண்ணத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு இடப்பக்கத்து ஜன்னல் வழியாக மதலேனாள் கண்ணில் பட்டது செங்கல். சூளையிலிருந்து வந்த புதுக் கல், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அதன் மறைவில் ஆரோக்கிய செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, திங்கக்கெழம காயலான் கடைக்காரன் வர்றானாம். இவரு பாதிய அறுத்துக் குடுத்துடப் போறாராம். அப்பால சொவுரு எழுப்பறாராம்."

"பாதி லாரிய எவன்டி வாங்குவான்?"

"வாங்கறேன்னு சொல்லிட்டான்க்கா. அறுக்கறதுக்கு காஸ் எடுத்துக்கினு வர்றானாம்."

பேசக் கூடாது என்றுதான் கட்டளை. முணுமுணுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

லாரியின் கதை இது. பத்துச் சக்கரம் வைத்த பட்டாளத்து லாரி. இரண்டாம் யுத்தத்துக்காக அமெரிக்காக்காரன் செய்தது. எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்து, அவனும் கப்பலேறிப் போனபின் புதுச்சேரியில் ஏலத்துக்கு நின்றது. மாமனார் சவரிமுத்து அதை எடுத்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றலாம் என்று கணக்கு. ஓடாது என்பதை ஏலம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். எட்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். வழியில் வில்லியனூர் சந்தையில் மாடுகள் மூச்சு வாங்க நின்றபோது, லாரி இறக்கத்தில் தானாக உருண்டு மாடுகளை முந்திக்கொண்டு போய் மூன்று மைல் தள்ளிக் காத்திருந்தது என்பார்கள். அது மிகை. இரண்டு மைல்தான்.

வீட்டு மனையின் நடுவில், தெருவைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். அந்த வருஷத்து மழைக்கே சக்கரம் பாதி புதைந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் நின்று, ஏரி உடைந்த வருஷம் ஒரு விரால் அதில் குடியேறிக் குஞ்சும் பொரித்தது. பிறகு அதைப் பிடித்துக் குழம்பு வைத்தபோது லேசாக கிரீஸ் வாடை அடித்தது. மற்றபடி நல்ல மீன்.

சவரிமுத்து செத்ததும் பாகம் பிரிக்க வேண்டியதாயிற்று. ஊருக்கு நில அளவு தெரிந்த பெரியவர் உலகநாதன். அவர் பின்வேலியில் ஒரு முளை, தெருவோரத்தில் ஒரு முளை அடித்துக் கயிறு கட்டினார். கயிறு லாரியின் பின்பலகையில் ஏறி, கூரைமேல் ஓடி, ரேடியேட்டர் மூக்கு வழியாக இறங்கியது. லாரியை நகர்த்த முடியாது. கயிற்றை நகர்த்த அண்ணனும் விடவில்லை, தம்பியும் விடவில்லை. உலகநாதன் யோசித்தார். பிறகு சுண்ணாம்பு கரைத்து வரச் சொல்லி, லாரியின் நெற்றியில் நாமம் போட்டது மாதிரி நீளக் கோடு இழுத்துவிட்டு, "அஞ்சு சக்கரம் அவனுக்கு, அஞ்சு சக்கரம் இவனுக்கு" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வலப்பாதி அண்ணன் தனிஸ்லாஸுக்கு. பெட்ரோல் டேங்கும் புகைக் குழாயும் அதில் இருந்தன. இடப்பாதி தம்பி பவுல்ராஜுக்கு. அமெரிக்காக்காரன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைத்திருந்ததால் அதுவும், கிளச்சும், பிரேக்கும் தம்பிக்குப் போயின. என்ஜினின் ஆறு சிலிண்டரும் வரிசையாகக் கோட்டின் மேலேயே நின்றதால், ஒவ்வொன்றிலும் ஆளுக்குப் பாதி. முன்னும் பின்னும் ஓலை வேலி கட்டினார்கள். லாரியே வேலியின் நடுத்துண்டு ஆயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு நூல் நுழைகிற வழி மிச்சம் இருந்தது என்றால் அது லாரியின் சீட்டு ஒன்றுதான்.

தனிஸ்லாஸ் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அங்கே இதே லாரியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டியதாகச் சொல்வார். காலையில் கஞ்சி குடித்ததும் தன் பாதிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். துருவைச் சுரண்டினார். தவில் தோலை வெட்டி கேஸ்கெட் செய்தார். பம்புசெட்டிலிருந்து கழற்றிய போல்ட்டுகளை முடுக்கினார். பட்டாளத்துப் பச்சை அடித்தார். இதையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்த பவுல்ராஜ் சும்மா இருப்பாரா? பிறவியில் விவசாயி, ஸ்பானருக்கும் சாவணத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தன் பாதி அண்ணன் பாதிக்கு இளைத்ததாக இருக்கக் கூடாது. அவரும் துருவைச் சுரண்டினார். மாதா அங்கியின் நீலத்தை வாங்கி அடித்தார். கிழக்கேயிருந்து பார்த்தவர்கள் பச்சை லாரி என்றார்கள், மேற்கேயிருந்து பார்த்தவர்கள் நீல லாரி என்றார்கள். பஸ்ஸில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், கல்லறைத் திருநாளன்று, அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இரண்டு பேரும் சேர்ந்து லாரியைக் கிளப்பிப் பார்ப்பார்கள். பேச்சு கிடையாது. அண்ணன் பெட்ரோல் ஊற்றுவார். தம்பி ஸ்டியரிங்கில் உட்காருவார். மூக்கில் சொருகிச் சுற்றுகிற ஹாண்டில் சரியாகச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருந்ததால் இருவரும் அதைத் தொட முடியாது. அதற்கு மூன்றாம் மனிதராகப் பக்கத்துக் கரும்புக் கொல்லைக்காரர் பலராமன் வருவார். அவர் வியர்க்க வியர்க்கச் சுற்றுவார். லாரி இருமக்கூடச் செய்யாது. "கோளாறு அந்தப் பக்கம்" என்று அண்ணன் ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வார். "கோளாறு எந்தப் பக்கம்னு மாதாவுக்குத் தெரியும்" என்று தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்வார். பதினொரு கல்லறைத் திருநாள் இப்படிப் போயின.

கோளாறு எங்கே என்று மாதாவைத் தவிர மதலேனாளுக்கும் தெரியும். அது அவள் வீட்டுப் புளிப்பானைக்குள் இருந்தது.

முதல் வருஷம், "வண்டி கெளம்பட்டும், அன்னிக்கே அந்த எடத்துல சொவுரு வெச்சுடறேன்" என்று புருஷன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்று மத்தியானம் கிண்ணத்தோடு ஏறியபோது, பவுல்ராஜ் தன் பாதியில் எதையோ துடைக்கக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். கட்டைவிரல் நுனி அளவுக் கறுப்புச் சாமான், தலையில் பித்தளைத் தகடு. கை தானாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டது. பவுல்ராஜ் திரும்பி வந்து, அப்படி ஒன்று இருந்ததே நினைவில்லாமல் மேல்மூடியை மூடிவிட்டார். கொழுந்தன் பெண்டாட்டி முகம் ஜன்னலில் தெரியாமல் போய்விடக் கூடாது; அவ்வளவுதான் அவளுக்கு. லாரி ஓடினாலும் வழி போகும், விற்றாலும் வழி போகும். ஓடாமல் நிற்க வேண்டும். நின்றது.

இப்போது நிற்கவும் விடமாட்டார்கள் போலிருந்தது. காரணம் ஒரு ஹாரன். தனிஸ்லாஸ் எங்கிருந்தோ ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்றைக் கொண்டுவந்து தன் பாதியில் மாட்டி, தினமும் காலை ஐந்து மணிக்கு அழுத்தினார். பவுல்ராஜின் கறவை மாடு அந்த அதிர்ச்சியில் பால் சுரப்பதை விட்டுவிட்டது. பிறகு சுரந்தபோது மோராகவே சுரந்தது. அதன்பின்தான் அவர் செங்கல் இறக்கினார்.

அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே மதலேனாள் கேட்டாள்: "கல்லறத் திருநாளுக்குத்தான் ஸ்டார்ட் பண்ணணும்னு பைபிள்ல எழுதிக் கெடக்குதா?"

தனிஸ்லாஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் விரல் நகங்களுக்குள் கறுப்பு ஏறியிருப்பதை அவள் பார்த்தாள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு. திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த ஆள் காலையில் எழுந்து எங்கே போய் உட்காருவார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழி போய்விடுமே என்று மட்டும் பன்னிரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவள், இன்னொரு கரண்டிச் சோறு எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

தனிஸ்லாஸ் சொல்லித் தம்பியிடம் தூது போன பலராமன் பதிலோடு வந்தார். "சனிக்கெழம மாதா தேருக்கு மின்ன ஒரு தடவ. ஒரே தடவ. அப்பால பேச்சு கெடையாதுன்றான் உன் தம்பி. இப்பவே கெடையாதேப்பான்னேன். மொறைக்கிறான்."

சனிக்கிழமை காலை ஆண்கள் பூசைக்குப் போயிருந்த நேரம். மதலேனாள் புளிப்பானையில் கைவிட்டு அந்தச் சாமானை எடுத்துக் கழுவினாள். பன்னிரண்டு வருஷம் புளியில் ஊறிய பித்தளை தங்கமாக மின்னியது. சீட்டைத் தாண்டி இடப்பக்கம் இறங்கினாள். கொழுந்தன் மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பானட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, இருந்த ஒரே குழியில் அதைப் பொருத்தினாள். நிமிர்ந்தபோது லாரியின் பின்னாலிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அவளுடைய சொந்தப் பக்கத்தில், புகைக் குழாயின் வாயருகே, ஆரோக்கிய செல்வி குந்தி உட்கார்ந்து, தொரட்டிக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து பழைய புடவை ஒன்று முழம் முழமாக வந்தது.

"இன்னாடி பண்றே என் பக்கத்துல?"

"நீ இன்னாக்கா பண்றே என் பக்கத்துல?"

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"எத்தினி வருஷமாடி?"

"மாமனாரு செத்த மறு வருஷத்துலேந்து."

"அடிப்பாவி. அடைக்கறதுன்னா ஒம் பக்கத்துல அடைக்கறது!"

"எங்க வூட்டுக்காரரு வேலயில கொற வரலாமா? நீ மட்டும் இன்னா செஞ்சியாம்?"

மதலேனாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் சிரிக்க, இவள் சிரிக்க, சீட்டுக்கடியில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி இரண்டு பாதியையும் சபித்துக்கொண்டு வெளியே ஓடியது.

"ஓடிட்டா இன்னாக்கா ஆவும்?" சிரிப்பு அடங்கியதும் ஆரோக்கிய செல்வி கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? ஓடலன்னா இன்னா ஆவும்னுதான் தெரியும். இழுடி, இன்னும் ஒரு மொழம் இருக்குது."

பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். அண்ணன் பெட்ரோல் ஊற்றினார். தம்பி ஏறி உட்கார்ந்தார். பலராமன் வேட்டியை மடித்துக் கட்டி, வருஷா வருஷம் சுற்றுகிற அசட்டையோடு ஹாண்டிலைச் சுற்றினார். அடுத்த கணம் வேலியோரம் மல்லாந்து கிடந்தார்.

"உதைக்குதுடா!" மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வலியில் கத்துகிற ஆளின் குரலாக அது இல்லை. "தனிஸ்லாஸு, உசுரு இருக்குதுடா இதுக்கு!"

ஆனால் அவர் கை வீங்கிவிட்டது. அண்ணன் ஹாண்டிலைப் பார்த்தார். தம்பியும் கண்ணாடி வழியாக ஹாண்டிலைப் பார்த்தார். அது கோட்டின் மேல் சும்மா இருந்தது. ஒரே தடவை என்ற பேச்சு அந்த ஒரு தடவையோடு முடிந்தது. பவுல்ராஜின் கை கதவைத் திறக்கப் போனது.

மதலேனாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு போய் ஹாண்டிலின் வலது நுனியைப் பிடித்தாள். யாரையும் கூப்பிடவில்லை. இடது நுனியில் இன்னொரு கை வந்து விழுந்தது.

"அண்ணி!" என்றார் பவுல்ராஜ் உள்ளேயிருந்து.

ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் லாரி பன்னிரண்டு வருஷத்து இருமலை ஒரே மூச்சில் இருமியது. குழாயில் மிச்சமிருந்த அரை முழப் புடவை பறந்துபோய்த் தென்னை மரத்து உச்சியில் கொடியாக நின்றது. மண்ணில் புதைந்த சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெளியே காலை எடுத்து வைத்தன. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். முன்வேலி மாலை மாதிரி லாரியின் கழுத்தில் விழுந்தது. ஓடிப்போய் வலப்படியில் தொற்றிக்கொண்ட தனிஸ்லாஸ், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் முதல் வார்த்தை பேசினார்.

"பிரேக்கப் புடிடா!"

"எதுண்ணா பிரேக்கு?"

"உன் பக்கத்துலதான்டா இருக்குது, நடுவுல!"

"நடுவுலன்னா யாரு பக்கம்?"

பச்சையும் நீலமுமாக லாரி தெருவில் இறங்கி, வில்லியனூர் தேர் இருக்கும் திசையில் போனது. சீட்டின் நட்டநடுவில் மதலேனாள் காலையில் வைத்திருந்த கருவாட்டுக் குழம்புக் கிண்ணம் சிந்தாமல் போனது. ஹாரன் சத்தமும், "வலது! வலது!" என்ற கத்தலும், "எனக்கு எடதுதான்ணா வரும்!" என்ற பதிலும் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தன.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். லாரி நின்ற இடத்தில் வேலி இல்லை. வெயில் படாத புல் மஞ்சளாக, ஒரு பெரிய கதவைப் பெயர்த்துப் படுக்கவைத்தது போல நீளமாகக் கிடந்தது. கோழி முதலில் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். ஆரோக்கிய செல்வி அடுக்கிலிருந்து மூன்று செங்கல்லை எடுத்து வந்து மஞ்சள் புல்லின் நடுவில் முக்கோணமாக வைத்தாள். மதலேனாள் குழம்புச் சட்டியை அதன்மேல் ஏற்றிவிட்டு நெருப்புக்குக் குனிந்தாள்.