இடப்பக்கம் அண்ணனுக்கு

சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் படகின் நடுவே ஒரு கோடு உண்டு. பெயின்ட்டில் போட்டதல்ல, இரண்டு பேருடைய வீம்பு போட்டது. இடப்பக்கத்தைக் கழுவி மெழுகு போட வேண்டியது அண்ணன், வலப்பக்கம் தம்பி. அப்பா இறந்த வருஷம், மழைக்காலம் முழுக்கப் படகை உறை போடாமல் விட்டது யார் என்று தொடங்கிய சண்டை. யார் விட்டார்கள் என்பது இருவருக்கும் மறந்தே போய்விட்டது. பேசாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை!

கடற்கரைக் கொட்டகையில் சக்கரவண்டி மேல் படகு நிற்கும். சனிக்கிழமை தம்பி வருவான், ஞாயிறு அண்ணன் வருவார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஏற்பாடு. ஆனாலும் கொட்டகைக்குள் நுழைந்ததும் அண்ணன் முதலில் பார்ப்பது வலப்பக்கத்தைத்தான். பளபளவென்று இருந்தால் தம்பி சௌக்கியம். ஒருமுறை அது அழுக்காகவே கிடக்க, அக்காவுக்கு போன் போட்டு, சுற்றி வளைத்துப் பேசி, அவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்துகொண்டார்.

அந்த அக்காதான் கடைசியில் பொறுமையிழந்தாள். “ரெண்டு கிழங்களும் இன்னும் சின்னப் பசங்க மாதிரி! வித்துத் தொலைங்கடா.” வாங்குவதற்கு ஒரு பல் டாக்டரையும் பிடித்துவிட்டாள். ஞாயிறு காலை பார்க்க வருகிறார். படகு போய்விட்டால் தம்பியைப் பற்றித் தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது? அந்த நினைப்பில் அண்ணனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

விடிந்ததும் வாளியும் துணியுமாகக் கிளம்பினார். வலது தோள் சில மாதமாக மக்கர் பண்ணுகிறது. கை காதுக்கு மேல் போகாது. கீழ்ப்பாதியையாவது கடைசியாகத் துடைத்துவிடலாம் என்று போனால், இடப்பக்கத்தில், அவருடைய பக்கத்தில், ஸ்டூல் போட்டு ஏறி நின்று மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான் தம்பி. தலை நன்றாக நரைத்திருந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட அண்ணன் நினைத்தார். ஆனால் பழக்கதோஷம் விடுமா? இன்னும் மெழுகு படாத இடத்தில் விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தார். உப்பு!

அப்பா அப்படித்தான். கடற்காற்று அப்புகிற உப்பு கண்ணுக்குத் தெரியாது, அதன்மேல் துணி போட்டுத் தேய்த்தால் கீறல் கீறலாக விழும் என்பார். கழுவி முடித்ததும் விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பார். பையன்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு நேராக நாக்கையே வைப்பார்கள். “நாய்க்குட்டிங்ககூட இப்படிப் பண்ணாது!” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

“ஏன்டா, உப்பு போகாமலே மெழுகு போடுறியே, அறிவிருக்கா?”

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. தம்பி திரும்பவே இல்லை.

“நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அவசரத்துல ஒரு தண்ணிதான் ஊத்தினேன்.”

“உன்னை யாரு என் பக்கம் வரச்சொன்னா?”

“கை தூக்க முடியலைன்னா வாயத் திறந்து சொல்லணும். மேல்பாதி எத்தனை மாசமா வெளிறிக் கிடக்குது, பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.”

கோபத்தை விட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்து அண்ணன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “பேசாம குழாயத் திற. எல்லாத்தையும் கழுவி எடுக்கணும்.”

டாக்டர் வந்தபோது அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஏச, தம்பி மேலே நின்று பதிலுக்கு ஏச, இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். டாக்டரின் வெள்ளைச் சட்டையும் தப்பவில்லை.

“இன்னும் கழுவியே முடியலைங்க, அடுத்த வாரம் வாங்க,” என்றான் தம்பி.

“அடுத்த வாரமும் ஆகாது. அடியில பழைய சிப்பி அப்படியே ஒட்டிக் கிடக்குது, சுரண்டணும்,” என்றார் அண்ணன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். “இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்னு உங்க அக்கா சொன்னாங்க. அடிப்பக்கம் யாரோடது?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சண்டையிலும் அதைப் பிரிக்க யாருக்கும் தோன்றவே இல்லை.

“அது எங்க ரெண்டு பேரோடதுங்க,” என்றான் தம்பி. “விக்கிறதா இல்லை.”