வில்லீஸும் என் காலடி மண்ணும்

என் மச்சான் கிட்டுசாமி ஜீப்பு வாங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில். அன்றைக்குத் திருப்பூரில் என் பனியன் கம்பெனியில் ஆறு மெஷின் ஓடியது. அவர் கம்பெனியில் இரண்டுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை போகிற போக்கில் அர்த்தநாரி என்பவன் ஒன்றுமில்லாதவன் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மச்சான் என்றால் என் மனைவி வேலாத்தாளுடன் பிறந்த அண்ணன். நல்ல மனிதர். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கெட்டவராக இருந்திருந்தால் நான் ஒளிவு மறைவு இல்லாமல் பொறாமைப்பட்டிருப்பேன், நாலு பேர் என் பக்கம் பேசியிருப்பார்கள்.

நூல் வாங்கக் கோயமுத்தூர் போன மனிதர், வழியில் பட்டாளத்துச் சாமான் ஏலம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது நூலோடு ஒரு ஜீப்பும் வந்தது. கதவு கிடையாது. முன் கண்ணாடியை மடக்கி பானெட்டின் மேல் படுக்க வைக்கலாம். ஸ்டீரிங் இடது பக்கம். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் அமெரிக்காக்காரன் வரைந்த வெள்ளை நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது.

"வில்லீஸுங்க. நாப்பத்தி நாலு மாடல்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். யுத்தத்துக்காக அமெரிக்கா அவசர அவசரமாகச் செய்ததாம். ஒரு கம்பெனி செய்து மாளாமல் போர்டு கம்பெனியும் அதே வண்டியைச் செய்ததாம். யுத்தம் முடிந்த பிறகு பம்பாயில் மகிந்திராக்காரர்கள் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்கிறார்களாம். இந்த வண்டி பர்மா வரைக்கும் போய் வந்ததாம். பர்மா போனதற்கு வண்டியா சாட்சி சொன்னது? என்று நான் கேட்டேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஸ்டீரிங்கைத் தொட்டுப் பார்ப்பதில் இருந்தார்கள்.

அதுவரை எங்கள் தெருவில் வண்டி என்றால் என்னுடைய சவாரி வண்டிதான். இரண்டு காங்கேயம் காளை, கழுத்தில் மணி. அன்று சாயங்காலம் அந்தக் காளைகளைப் பார்த்தேன். தப்பு செய்தவை போல நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வருஷம் ஐப்பசி மழையில் நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்து தரைப்பாலம் மூழ்கியது. வெளுப்பதற்கு அக்கரைக்குப் போகவேண்டிய துணி எல்லாருடைய கம்பெனியிலும் மூட்டை மூட்டையாக முடங்கியது. கிட்டுசாமி மட்டும் வில்லீஸில் மூட்டையை ஏற்றி, பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன கியரைத் தட்டினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, வண்டி எருமை மாதிரி ஆற்றில் இறங்கி அக்கரையில் ஏறியது. அதோடு விட்டாரா? திரும்பி வந்து என் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். "நம்ம ஊட்டுத் துணிதானுங்க மாப்ளே" என்றார். அடுத்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பெரியவர்களிடம் நிறுத்தி, "இவருதானுங்க நம்ம ஜீப்புக்காரரோட மாப்ள" என்றார். ஆறு மெஷின் எங்கே போயிற்று? என் அப்பன் வைத்த பேர் எங்கே போயிற்று? அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் குறி. என் பேர் எனக்கு வேண்டும். அதற்கு ஜீப்பு வேண்டும்.

ஐம்பத்தேழில் அந்தக் கேவலம் நடந்தது. அவிநாசிபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார் கிட்டுசாமி. மேடும் பள்ளமுமான தடத்தில் வண்டி குலுங்காமல் போகவே, வாய் தவறி, "மச்சான், வண்டி நல்லாத்தானுங்க ஓடுது" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷத்தில் நான் அந்த வண்டியைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. திரும்பி வரும்போது பின்பக்கம் குலுக்கலைத் தாங்குகிற வில்பட்டை உடைந்தது.

மறுநாள் காலை மச்சானுடைய மனைவி ராமாத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலாத்தாளோடு பேசிவிட்டுப் போகும்போது வாசலில் குனிந்தாள். நான் அப்போதுதான் அந்த வழியாக நடந்து போயிருந்தேன். என் கால் பதிந்த இடத்தில் மண்ணைக் கிள்ளி முந்தானையில் முடிந்தாள்.

"என்ன பண்றே ராமாத்தா?" என்றேன்.

"பூச்செடிக்குங்க அண்ணா" என்றாள்.

ஒரு சிட்டிகை மண்ணில் என்ன பூச்செடி வளர்க்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? யார் கண் பட்டது என்று சந்தேகமோ அவர்கள் காலடி மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவது. மிளகாய் நெடி ஏறி எல்லாரும் இருமினால் அந்தக் கண் படவில்லை. நெடியே வராவிட்டால் பட்டிருக்கிறது. எங்கள் பெண்களுக்கு இதற்கு மேல் கோர்ட்டும் கிடையாது, அப்பீலும் கிடையாது.

அன்று இருட்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "கைப்பிடி மொளகாய்ங்க. அண்ணனோட மண்ணோட போட்டா ஒரு பொட்டு நெடி இல்லீங்க!" என்று ராமாத்தாள் தெருக்குழாயில் நின்று சொன்னாளாம். நான் நடந்து போனால் கடைக்காரர்கள் தராசை மூடினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ளே போனார்கள். கிட்டுசாமி மட்டும் வந்து, "பொம்பளைங்க பேச்சுங்க மாப்ளே, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அதை நான் மனசில்தான் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் நானும் ஜீப்பு வாங்குவேன். அதைப் பார்த்து இந்த மனிதர் வெந்து போவார். அப்போது இவர் காலடி மண்ணை நான் எடுப்பேன். சத்தியம்.

ஆறு வருஷம் ஆயிற்று. பேர் பதிந்து, காத்திருந்து, அறுபத்துமூன்றில் பம்பாயில் செய்த புத்தம் புது ஜீப்பு என் வாசலுக்கு வந்தது. பானெட் உயர்ந்த மாடல். ஸ்டீரிங் வலது பக்கம். பட்டாளத்தான் உட்கார்ந்து தேய்த்த சீட் இல்லை. கோயிலில் பூசை போட்ட கையோடு நேராக மச்சான் வீட்டுக்கு ஓட்டினேன். ஹாரனை நாலு முறை அடித்தேன்.

கிட்டுசாமி ஓடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். நான் அவர் முகத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ், அதற்கு நடுவில் சிரிப்பு.

"நெம்ப அருமையா இருக்குதுங்க மாப்ளே! வண்டின்னா இதுதானுங்க வண்டி. என்ற வண்டி கெழடு" என்றார். ராமாத்தாளைக் கூப்பிட்டு எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுக்கச் சொன்னார். நான் அவர் கண்ணையே பார்த்தேன். ஒரு துளி எரிச்சல் இருக்க வேண்டுமே? இல்லை. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய வண்டி வீணாய்ப் போனது போல் இருந்தது.

சரி, பொறாமை வராவிட்டால் அவர் தோற்கவாவது வேண்டும். இரண்டு வண்டியையும் ஒப்பிடத் தொடங்கினேன். முகப்புத் தகட்டில் காற்று போக அவருடையதில் ஒன்பது திறப்பு, என்னுடையதில் ஏழு. இது என்ன நியாயம்? தன் வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்குப் பதினெட்டு மைல் கொடுக்கிறது என்றார் மச்சான். என்னுடையது பதினாறு. கிழட்டு வண்டி பதினெட்டு, புது வண்டி பதினாறு. எனக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் இரண்டு பேர் வண்டிக்கும் மெக்கானிக் ஒருவர்தான், அய்யூப். அவரிடம் போய், மைலேஜ் ஏற வழி என்ன என்று கேட்டேன்.

"முன் சக்கரத்துக்குப் போற ஷாப்ட்டக் கழட்டுனா கொஞ்சம் ஏறுமுங்க" என்றார் அய்யூப். "ஆனா வேண்டாமுங்கண்ணா. அப்புறம் பின் சக்கரம் மட்டுந்தான் இழுக்கும். சின்ன கியரு சும்மா பேருக்குத்தான் இருக்கும்."

"கழட்டுங்க."

"கழட்டறனுங்க. ஆத்துல மட்டும் எறக்கீராதீங்க."

கழற்றிய பிறகு பதினெட்டரை கொடுத்தது. அந்த அரை மைலை நான் திருப்பூர் முழுக்கச் சொன்னேன். அடுத்த ஐந்து மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

தை மாதம் கல்கத்தாவிலிருந்து எங்கள் சரக்கு வாங்குகிற சேட் வந்தார். துணி வெளுப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். சலவைப்பட்டறை ஆற்றுக்கு அக்கரையில். பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம். ஆனால் பாலத்தில் போக ஜீப்பு எதற்கு? ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்கரையில் துணி காயப்போடுகிற ஆட்கள் ஐம்பது பேர் நின்றார்கள். அவர்கள் கண்ணுக்கு எதிரே கிட்டுசாமி எத்தனை முறை இந்த ஆற்றைத் தாண்டியிருப்பார்? இன்றைக்கு அர்த்தநாரி தாண்டுவான்.

சத்தியமாக, ஷாப்ட் ஞாபகம் அந்த நிமிஷம் எனக்கு இல்லை.

தண்ணீரைத் தாண்டிவிட்டேன். அக்கரை மணலில் பின் சக்கரம் இரண்டும் புதைந்தன. சின்ன கியரைத் தட்டினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் குழி பறித்தது, வண்டி உட்கார்ந்தது. சேட் தன் வெள்ளை வேட்டியை இடுப்புக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஐம்பது பேரும் பார்த்தார்கள்.

தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. எட்டு வருஷமாக எனக்குக் கேட்கவே பிடிக்காத வில்லீஸின் சத்தம். மேட்டில் துணி இறக்கிக்கொண்டிருந்த கிட்டுசாமி வில்லீஸை ரிவர்ஸில் மணலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சின்ன கியரப் போட்டீங்களா மாப்ளே?"

"போட்டனுங்க."

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஷாப்ட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்துவிட்டார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த எடத்து மணலு மோசமுங்க சேட். எந்த வண்டியும் நிக்கும். என்ற வண்டியே போன வாரம் நின்னுச்சு" என்றார்.

பொய். அந்த வண்டி எங்கேயும் நின்றதில்லை. எனக்காகப் பொய் சொல்கிறார். வடக்கயிறு கட்டி இழுத்தார். பிள்ளையைத் தூக்குவது போல என் வண்டி வெளியே வந்தது. சேட் அப்புறம் ஏறியது வில்லீஸில். எனக்குக் கொடுப்பதாகச் சொன்ன ஆர்டரைச் சொன்னபடியே கொடுத்தார், குறை சொல்லக் கூடாது. ஆனால் ரயில் ஏறும்வரை அவர் பேசியதெல்லாம் அந்தக் கிழட்டு ஜீப்பைப் பற்றித்தான்.

சாயங்காலம் கிட்டுசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சாக்கில் சுற்றிய நீளமான சாமான். அய்யூப்பிடமிருந்து என் ஷாப்ட்டை வாங்கி வந்திருந்தார். வண்டியின் பின்பக்கம் சத்தமில்லாமல் வைத்தார்.

"ஊருக்குள்ள யாருக்கும் தெரிய வேண்டாமுங்க. காலைல வந்து நானே மாட்டித் தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெரு திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு வேலாத்தாளைக் கூப்பிட்டு வாசலைக் காட்டினேன். தண்ணீர் தெளித்த மண்ணில் அவர் கால் பளிச்சென்று பதிந்திருந்தது.

"எடு அந்த மண்ண. சுத்திப் போடு வண்டிக்கு."

"எங்கண்ணனதுங்களா?" என்றாள்.

"அவரு கண்ணுதான். அடியில படுத்து அருமையா இருக்குதுன்னு சொன்னாரல்ல? அன்னைக்குப் பட்டது." ஷாப்ட்டைக் கழற்றியது நான்தான். ஆனால் கழற்றும் புத்தியை எனக்குக் கொடுத்தது யார்? அந்தப் பதினெட்டு மைலைச் சொன்னது யார்?

வேலாத்தாள் குனிந்தாள். அண்ணன் காலடி மண்ணை எடுத்தாள், உப்பையும் மிளகாயையும் சேர்த்தாள், ஜீப்பை மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் வைத்த இரும்புச்சட்டி நெருப்பில் போட்டாள்.

நெடி கிளம்பியது பாருங்கள். வேலாத்தாள் இருமினாள், நான் இருமினேன், தொழுவத்தில் காளை தும்மியது. எதிர்வீட்டில் யாரோ, "யாருங்க அது மொளகா வறுக்கறது?" என்று கத்தினார்கள். கண்ணில் நீர் கொட்ட நான் திண்டாடி நின்றேன்.

"எங்கண்ணன் கண்ணு இல்லீங்க" என்றாள் வேலாத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப யாரு கண்ணு?" என்று கத்தினேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். "சித்தெ நகருங்க" என்றாள். நகர்ந்தேன். நான் நின்ற இடத்தில் குனிந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள்.

"என்ற வண்டிக்கு என்ற கண்ணா? பைத்தியமா உனக்கு?"

"என்னைக்காவது இந்த வண்டிய இந்த வண்டிக்காகப் பாத்திருக்கீங்களா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். திரும்ப மூன்று சுற்று. திரும்பக் கைப்பிடி மிளகாய். இந்த முறை நிறையவே அள்ளிப் போட்டாள்.

மிளகாய் கருகியது. ஒவ்வொன்றாக வெடித்தது. புகை நேராக என் முகத்துக்குத்தான் வந்தது. ஒன்றுமில்லை. எதிர்வீட்டில் சத்தம் இல்லை. காளை அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் சட்டியின் மேல் குனிந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வெந்த மண் வாசனைதான் வந்தது.

வேறு வழி தெரியாமல் நானே வலிய இருமினேன். ஒரு முறை, இரண்டு முறை.

"சும்மா இருமாதீங்க" என்றாள் வேலாத்தாள்.