லிஃப்ட் அருகே ஒரு வெளிப்பாடு

ஜெபக்குமார் திருப்பூருக்கு வந்தபோது வெறும் பிரதர். பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு குடும்பங்களைக் கூட்டி ஜெபம் நடத்தியவர். கூட்டம் பெருகியதும் பாஸ்டர் ஆனார். ஒலிபெருக்கி வாங்கியதும் ரெவரெண்ட் ஆனார். எங்கிருந்தோ ஒரு பட்டம் கூரியரில் வந்ததும் டாக்டர் ஆனார். போன வருஷம் பேனர் அடிக்கிறவன், பெயருக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று சொல்லப்போக, அப்போஸ்தலரும் ஆகிவிட்டார்.

அவருடைய சபை முதலிபாளையம் போகிற வழியில், லிங்கசாமியின் பழைய குடோன் மாடியில் நடந்தது. லிங்கசாமி அந்தப் பக்கத்துப் பனியன் கம்பெனி முதலாளி. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் கொடுப்பார், சபைக்கு வாடகையில்லாமல் மாடியும் கொடுப்பார். ஜெபம் பண்ணுகிறவர்கள் லீவு போடுவதில்லை, கொடி பிடிப்பதில்லை என்பது அவருடைய அனுபவம். எந்தச் சாமியாக இருந்தாலும் ஆள் வேலைக்கு வந்தால் சரி.

இந்த முறை அப்போஸ்தலர் அறிவித்த சிறப்பு முகாமின் பொருள், ஆவிகளைப் பகுத்தறியும் வரம். எது தேவனிடமிருந்து வருகிறது, எது பிசாசிடமிருந்து வருகிறது, எது மனுஷனுடைய சொந்த மண்டையிலிருந்து வருகிறது என்று கண்டுகொள்கிற வரம். மூன்றாவதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

இந்த வரத்துக்காக நெடுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தவள் செல்லத்தாய். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, லிங்கசாமியின் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருப்பவள். சபையில் மற்றவர்களெல்லாம் கண்ணை மூடினால் நெருப்பும் புறாவும் பார்த்தார்கள். செல்லத்தாய் கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிந்தது. அவளுடைய ஆவிக்குரிய கண்ணில் செதில் இருப்பதாக அப்போஸ்தலர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். டீ டயத்தில் மற்றவர்கள் வாசலுக்குப் போகும்போது, அவள் கட்டிங் பீஸ் குடோனுக்குள் போய், பண்டல்களுக்குப் பின்னால் முழங்கால் போட்டு, "காட்டும் ஆண்டவரே" என்று கேட்பது வழக்கமாக இருந்தது.

ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். பண்டல் இடுக்கு வழியாகத் தெரிந்தது. செக்கிங் செக்ஷன் சித்ராதேவியைச் சுவரோடு நெருக்கி, கதவுக்கு வழிவிடாமல் கையைப் போட்டு மறித்துக்கொண்டிருந்தான் அருள்செல்வன். கம்பெனியில் சூப்பர்வைசர். சபையில் மூப்பர், அப்போஸ்தலருக்கு வலது கை. அவனுடைய இன்னொரு கை அந்தப் பெண்ணின் மேல் இருந்தது.   செல்லத்தாய் கைக்கு எட்டிய பண்டலைத் தள்ளிவிட்டாள். அது விழுந்த சத்தத்தில் அவன் கையை எடுத்தான், அந்தப் பெண் ஓடிவிட்டாள். தள்ளியது யார் என்று இருவருக்கும் தெரியாது.

அந்தக் கம்பெனியில் உள் புகார்க் குழு என்று ஒன்று உண்டு. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும்போது காட்டுவதற்காகக் கழிப்பறைச் சுவரில் அதன் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்து நம்பியது சித்ராதேவி ஒருத்திதான். யார் மேல் என்பதை வாயால் சொல்லி, நடந்ததை எழுதி மூடிய கவரில் புகார் கொடுத்துவிட்டாள். விசாரணை திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். சாட்சி இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாளாம். அவள் பார்த்த பீஸைச் சரியில்லை என்று தான் திருப்பி அனுப்பிய கோபத்தில் பழி போடுகிறாள் என்று அருள்செல்வன் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

செல்லத்தாய் புதன்கிழமை அப்போஸ்தலரைத் தேடிப் போனாள். என்ன செய்வது என்று கேட்கத்தான். ஆனால் படியேறும்போதே பயம் வந்துவிட்டது. டீ டயத்தில் குடோனுக்குப் போகிறவள் அவள் ஒருத்தி என்று அவள் தையல் லைனில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும். இவர் வாய்தவறி மூப்பரிடம் குடோன் என்று சொல்லிவிட்டால் அவள் கதை முடிந்தது. அதனால் ஒரு பொய்யைக் கட்டினாள். சரக்கு லிஃப்ட் பக்கத்தில் மூப்பர் சித்ராவை மறித்ததை ஒரு பிள்ளை பார்த்ததாம், அந்தப் பிள்ளை சாட்சி சொல்லலாமா என்று கேட்டாள்.

கண்ணால் காண்பதெல்லாம் மாம்சம், ஆவியில் பார்க்கப் பழகு என்றார் அப்போஸ்தலர். அந்தப் பிள்ளையை வாயை மூடிக்கொண்டு ஜெபிக்கச் சொல் என்றார். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு மறக்காமல் வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி நிறைந்திருந்தது. முதலில் பயிற்சி. பக்கத்திலிருப்பவர் தலையில் கை வைத்து, என்ன நிறம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். வெள்ளை என்றால் சமாதானம், நீலம் என்றால் சுகம். எல்லோருக்கும் எல்லோர் மேலும் வெள்ளை தெரிந்தது. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருந்தவர்களுக்குப் பொன்னிறமும் தெரிந்தது.

முன்வரிசையில் அருள்செல்வன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். நடுவில் சித்ராதேவி, பக்கத்தில் அவள் அப்பா மூக்கையா. அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர், அப்போஸ்தலர் சொன்னால் கிணற்றிலும் குதிப்பார். புகாரைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை. அய்யா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மறுநாளே புகாரை வாபஸ் வாங்கி, அவளை ஊருக்கு பஸ் ஏற்றி, வருகிற மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்.

அய்யாவுக்கு வார்த்தை வந்தது. கீபோர்டு மெல்ல இழைய, கண்ணை மூடி, குரலை ஒரு படி கீழே இறக்கினார். அந்தக் குரல் இறங்கினால் பேசுவது அவரல்ல என்பது சபையின் நம்பிக்கை.

"என் ஜனமே, மூப்பனுக்கு விரோதமாய் ஒரு வசீகர ஆவி எழும்பியிருக்கிறது. அது இந்த மகளுக்குள்ளே இருந்துகொண்டு, லிஃப்ட் பக்கத்திலே அவனை வழிமறித்ததை நான் கண்டேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்."

அவருடைய விரல் சித்ராதேவியைக் காட்டியது. மூக்கையா தலையைக் குனிந்தார்.

செல்லத்தாய் முதலில் அதை நம்பினாள். கர்த்தர் லிஃப்டைக் கண்டிருக்கிறாரே, ஒருவேளை அங்கேயும் ஏதாவது நடந்திருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம்தான் உறைத்தது. லிஃப்ட் என்பது இந்தப் படியில் ஏறும்போது அவள் இட்டுக்கட்டியது. பூமியில் அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சொன்னவள், இன்னொருவர் கேட்டவர். அவள் பொய்யைக் கர்த்தர் நம்பிவிட்டார், அல்லது கர்த்தர் இந்தப் பக்கமே வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறியது. அபிஷேகம் என்று இத்தனை வருஷம் அவள் நினைத்திருந்தது வேறு. இது கோபம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. வெளிப்பாடு வந்தால் மூன்று பேர் எழுந்து தாங்களும் கண்டதாக உறுதிப்படுத்த வேண்டும். கீபோர்டு வாசிப்பவரின் மனைவி அக்ஷரா முதலில் எழுந்தாள். லிஃப்ட் கதவில் ஒரு பாம்பு சுற்றியிருப்பதைக் கண்டதாகச் சொன்னாள். சபை ஸ்தோத்திரம் என்றது. அடுத்து பேக்கிங் செல்வக்குமார் எழுந்தான். அதே பாம்பு கீழ்த் தளத்துக்கு இறங்குவதை அவன் கண்டான். லிஃப்டில்தான் இறங்கியது.

மூன்றாவது சாட்சியாக அப்போஸ்தலர் செல்லத்தாயைக் கூப்பிட்டார். அவள் பேச்சுக்கு மூக்கையாவிடம் மரியாதை உண்டு என்பது அவருக்குத் தெரியும். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"அய்யா, லிஃப்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"கர்த்தர் சொன்னாரம்மா."

"கர்த்தருக்கு யாரு சொன்னது?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"ஏன்னா லிஃப்டுன்னு சொன்னது நாந்தான். புதன்கெழம உங்க ரூம்ல வச்சு உங்ககிட்ட மட்டும் சொன்னேன். அது பொய்யி. பயந்துபோய் நானா கட்டுனது. நடந்தது கம்பெனி கட்டிங் பீஸ் குடோன்ல. மறிச்சது அந்தப் பிள்ள இல்ல, இந்தா வெள்ளச் சட்ட போட்டு முன்னால உக்காந்திருக்காருல்லா, இவரு. பாத்தது நானு."

மைக் அணைந்தது. கீபோர்டின் சத்தம் ஏறியது. ஓவர்லாக் மிஷின்களுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை. கை எங்கே இருந்தது, கதவு எப்படி மறிக்கப்பட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். அருள்செல்வன் திரும்பிப் பார்க்காமல் பைபிளில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான்.

அப்போஸ்தலர், இவளுக்குள் பொய்யின் ஆவி பேசுகிறது என்று கைகளை உயர்த்தினார்.

"பொய்யி என்னுதுதான்யா. அத எடுத்து ஆண்டவர் வாயில வச்சது யாரு?"

இரண்டு பெண்கள் அவள் தலையில் கை வைத்து, போ போ என்று அந்நிய பாஷையில் விரட்டத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் மூக்கையா மகள் பக்கம் குனிவதைச் செல்லத்தாய் பார்த்தாள். அவர் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை, உதடு தெரிந்தது. எங்கட்டி நடந்துச்சு என்றுதான் கேட்டிருக்க வேண்டும். சித்ராதேவி ஒரு வார்த்தை சொன்னாள். மூக்கையா எழுந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வெளியே போனார். தலையிலிருந்த கைகளைத் தட்டிவிட்டு செல்லத்தாயும் போனாள்.

திங்கட்கிழமை விசாரணை அறையில், குழுவில் இல்லாத லிங்கசாமியும் சும்மா உட்கார்ந்திருக்க வந்திருந்தார்.

"ஏனுங்க செல்லத்தாயம்மா, இது உங்க சபை விவகாரமுங்க. அங்கயே பேசித் தீத்துக்கக் கூடாதுங்களா? பையர் காதுக்குப் போனா எல்லாத்துக்கும் சோறு போச்சுங்க பாருங்க."

"சபையில தீத்த லட்சணத்தத்தான் நேத்துப் பாத்தேன் மொதலாளி. இங்கயாவது எழுதிக்கிடட்டும்."

வெளியிலிருந்து குழுவுக்கு வந்திருந்த வக்கீலம்மா, லிங்கசாமியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். சொந்தக் கம்பெனியில் அவரை வெளியே இருக்கச் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு செல்லத்தாய் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு சித்ராதேவியின் புகார்க் கவரைப் பிரித்தார். பின்னால் என்னமோ பொத்தென்று விழுந்தது, அதில்தான் சூப்பர்வைசர் கையை எடுத்தார் என்று சித்ராதேவி எழுதியிருந்தாள். தள்ளியது தான் என்று செல்லத்தாய் சொன்னபோது எதிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

அருள்செல்வனை வேலையை விட்டு அனுப்பினார்கள். செல்லத்தாயின் மிஷினையும் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, ஆர்டர் கம்மிங்க என்று அவளை ஒருவாரம் கூலி குறைந்த கைமடி வேலைக்குத் தள்ளினார்கள். அவள் பீஸ் மடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்போஸ்தலருக்குப் புதிய வெளிப்பாடு வந்தது. அருள்செல்வனின் அந்தரங்கப் பாவத்தைக் கர்த்தர் தமக்கு முன்பே காட்டியிருந்தார், அதை வெளியே கொண்டுவரவே முகாம் நடத்தப்பட்டது என்றார். சபை ஆமென் என்றது. இதையும் இரண்டு மூன்று பேர் எழுந்து உறுதிப்படுத்தினார்கள். வசீகர ஆவியைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. அது இன்னும் சித்ராதேவியின் மேலேயே இருந்தது. லைன் வீடுகளில் தண்ணீர் பிடிக்க அவள் வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

செல்லத்தாய் படியேறி அவருடைய அறைக்குப் போனாள். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருப்பி வாங்க வேண்டும் என்றாள். அபிஷேகம் பெற்றவனை நியாயந்தீர்ப்பது மன்னிக்கப்படாத பாவம் என்றார் அவர். முன்பெல்லாம் இந்த வார்த்தையைக் கேட்டால் அவள் முழங்கால் போட்டுவிடுவாள். இந்த முறை நின்றபடியே பதில் சொன்னாள். 

"மன்னிக்கிறது அவரு வேல. அவரு பேரச் சொல்லி ஒரு பிள்ளையச் சீரழிச்சது உங்க வேல. அத நீங்கதான் செய்யணும். செய்யுதவரைக்கும் கீழ நிப்பேன்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் படிக்குக் கீழே வந்து நின்றாள். யாரையும் மறிக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "சித்ராவப் பத்தி மேல சொன்னது ஆண்டவர் சொன்னதில்ல." சிலர் காது கேட்காததுபோல் ஏறினார்கள். சிலர் அவளுக்காக ஜெபித்துக்கொண்டே ஏறினார்கள். கார் வந்து அப்போஸ்தலர் இறங்கியபோது, வருகிறவர்களில் அவரும் ஒருவர் என்பதால், அவரிடமும் அதையே சொன்னாள்.

கடைசியாக அக்ஷரா ஸ்கூட்டியில் வந்தாள். வாக்கியத்தைக் கேட்டதும் இறங்காமல் காலை ஊன்றி நின்றாள். மேலே அவள் கணவன் கீபோர்டைத் தொடங்கிவிட்டிருந்தான்.

"அக்கா, நான் அன்னிக்கு ஒண்ணும் பாக்கலைக்கா. பாக்கலைன்னு சொன்னா என்னையும் செதில்னுருவாங்கன்னு..."

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? மூக்கையா வீடு எங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையசைத்தாள். மாடியைப் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.