அடியில் கிடந்த திரை

டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், யாரும் சொல்லிக்கொள்ளாமல் கடலுக்குப் போவதில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கிளம்பும்போது மீட்புக் குழுவுக்கு ஒரு தகவல், கரையேறியதும் இன்னொன்று. சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆனால் எங்கள் படகு தேடிக் கிளம்பிவிடும். குழுவில் ரேலீன்தான் பல வருடமாக இதை வானொலியில் கேட்டு வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். அதை ஒரு செயலியாக மாற்றித் தருகிறேன் என்று போய் நின்றவன் நான். யாரும் கேட்கவில்லை, எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

"என் பலகைக்கு சார்ஜ் போட வேணாம் ஃபின்லே, தெரியுமில்ல?" என்றாள் ரேலீன்.

"உன் கையெழுத்தப் படிக்க ஆள் வைக்கணுமே, அதுக்கு என்ன பண்றது?"

"போடா, பெரிய மேதாவி."

மொத்தம் மூன்று திரைகள்: 'கிளம்புகிறேன்', 'கடலில் இருக்கிறேன்', 'கரை சேர்ந்தேன்'. மூன்றாவது திரை திறந்ததுமே தகவல் தானாகப் போய்விடும். ஒரு பொத்தான் மிச்சம் என்று அதில் எனக்குப் பெருமை வேறு. ஒவ்வொரு திரையையும் முந்தையதின் மேல் தட்டு அடுக்குவதுபோல் அடுக்கியிருந்தேன்; பின்னால் போனால் அடியில் இருப்பது மேலே வரும். பயணம் முடிந்ததும் அந்த அடுக்கைக் கலைத்திருக்க வேண்டும். கலைக்கவில்லை. அது என் கண்ணில் படவும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் செயலியை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பேன். நிரல் எழுதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மீன் பிடிக்கிறவன் எதையும் மூடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிழவன் டூகல் தனியாகப் படகை இறக்கினான். பதினொன்றுக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தான். ஆறு இருபதுக்கு செயலியில் அவன் பெயர் பச்சையாக, அதாவது கரை சேர்ந்ததாக, மாறியது. பணியில் இருந்தது நான்தான். கடல் சரியில்லை போல, திரும்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு காப்பி போடப் போனேன்.

ஒன்றரை மணிக்கு அவன் மனைவி டாம்சின் கூப்பிட்டாள்.

"என் வீட்டுக்காரர் அங்க உக்காந்து அரட்டை அடிக்கறாரா?"

"அவன் காலைலயே கரைக்கு வந்துட்டானே."

"என்ன உளர்ற? வண்டியும் காலி ட்ரெய்லரும் துறையிலேயே நிக்குது. நான் அங்க இருந்துதான் பேசறேன்."

இரண்டரை மணிக்குக் கண்டுபிடித்தோம். படகு கவிழ்ந்து கிடந்தது. மிதவைச் சட்டையோடு பக்கத்தில் மிதந்தான். பிற்பகல் ஒரு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். பதினொன்றரைக்கு நாங்கள் கிளம்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

கிழவன் எதையோ தப்பாக அமுக்கிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அடக்கத்தின்போது டாம்சினும் அதையேதான் சொன்னாள், அழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. நான் அன்று இரவே செயலியின் பதிவுகளைப் பார்த்துவிட்டேன். அவன் எந்தப் பொத்தானையும் தப்பாக அமுக்கவில்லை. திரையை விரலால் தள்ளி இரண்டு முறை பின்னால் போயிருக்கிறான், அவ்வளவுதான். அன்றைய இரண்டு திரைகளுக்கும் அடியில் முந்தின நாளின் 'கரை சேர்ந்தேன்' கிடந்திருக்கிறது. அது திறந்ததும் தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்று வாரம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் கோழை.

நாலாவது வாரம் டாம்சின் வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் ஒரு பயணத்தை முடித்து மூடாமல் வைத்திருந்த என் போனைச் சமையலறை மேசையில் அவள் முன்னால் வைத்தேன்.

"நீயே பாரு. கிளம்பறேன்னு குடு. சரி, இப்ப கடல்ல இருக்க. பின்னால போ. இன்னொரு வாட்டி போ."

'கரை சேர்ந்தேன்' என்று வந்தது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"நான் எதையும் அமுக்கலையே."

"அவனும் அமுக்கல டாம்சின். தப்பு என்னோடது. நான் எழுதினது."

கெட்டில் கொதித்து அணைந்தது. அவள் எழுந்து போய் எடுக்கவில்லை.

"தினமும் காலைல எழுந்ததும் அந்த மனுஷனத் திட்டறேன்," என்றாள். "ஒரு பொத்தானப் பாத்து அமுக்கத் தெரியாத மடையன்னு. நாப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவர, போட்டோ முன்னாடி நின்னு, வாய்க்கு வந்தபடி."

"இனிமே என்னத் திட்டு."

"உன்னத் திட்டறதுக்கு நாள் கெடக்கு. இப்ப எழுந்து போ."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்திருந்தாள்.